மைனி அனுமதியின்றி

ஜூலை 3, வியாழன். தென்காசி

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் என் வீட்டு மொட்டைமாடி ஒழுகுகிறது. தளத்தைக் கொத்திப் போட்டுவிட்டு மேஸ்திரி சுடலைமுத்து, "ஒரு பத்து நாள் எங்கயாச்சும் இருந்துட்டு வாங்கம்மா" என்றார். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தம்பி தோஹாவில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான். அவன் மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஆகவே இங்கே இருப்பது தம்பி மனைவி உலகம்மாள் ஒருத்திதான். பெரிய வீடு. ஓர் ஆளுக்கு அதிகம்.

முன் அறையில் உலகு தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறாள். பதினான்கு வருஷமாக நடக்கிறது. எட்டு மெஷின், பத்தொன்பது பெண்பிள்ளைகள், காலையும் மாலையுமாக நான்கு பேட்ச். அரசு வேலைக்குத் தட்டச்சுத் தேர்ச்சி கேட்கிறார்கள் என்பதால் பிள்ளைகள் வருகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் பரீட்சையாம்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் உலகு வாசலுக்கு ஓடி வந்து, "வாங்க மைனி, எத்தன நாள்னாலும் இருங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். அது புத்தகப் பெட்டி. இன்னும் மூன்று இருந்தன. நாத்தனாரை எங்கள் பக்கத்தில் மைனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கும் வேலை இருக்கிறது. மதுரையில் ஒரு பதிப்பகம் வீட்டு நூலகங்களுக்காக ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவருகிறது. 'ஏ' எழுத்துத் தொகுதியில் 'ஏகாதிபத்தியம்' என்ற சொல்லுக்கு நான் எழுத வேண்டும். முந்நூறு சொற்கள். முப்பத்துநான்கு வருஷம் அரசியல் அறிவியல் நடத்தியவளுக்கு இது ஒரு மத்தியான வேலை.

ஜூலை 5, சனி

எனக்குக் கொடுத்த பின் அறையில் வெளிச்சம் போதவில்லை. முன் அறை ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக்கொள்ளட்டுமா என்று உலகுவிடம் கேட்கத்தான் போனேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு மேசை. இரண்டு மெஷினை மட்டும் நகர்த்த வேண்டியிருந்தது.

உலகு வந்து பார்த்தாள். "இருக்கட்டும் மைனி" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் பிரதி எழுதினேன்:

'ஏகாதிபத்தியம் என்பது ஒரு நாடு தன் எல்லைக்கு அப்பால் வாழும் மக்களின் நிலம், உழைப்பு, சந்தை, அரசியல் முடிவுகள் ஆகியவற்றைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவரும் கொள்கையும் செயலும் ஆகும். படையெடுத்தும் நடக்கலாம், படையே இல்லாமலும் நடக்கலாம்.'

இரண்டாவது வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது. அதற்குமேல் எழுத முடியவில்லை. எட்டு மெஷினும் ஒரே நேரத்தில் அடித்தால் மனுஷி என்னத்தை யோசிப்பது? சாயங்காலம் ஐந்து மணி பேட்ச்சை ஆறரைக்கு மாற்றினால் எல்லோருக்கும் வசதி என்று சொன்னேன். உலகு எல்லோரையும் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். நானே கேட்டுவிட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. பேராசிரியர் கேட்டால் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுகிறார்கள்.

ஜூலை 9, புதன்

சாரல். துணி காயவில்லை.

ஜூலை 12, சனி

உலகுவின் சமையலறையில் ஒழுங்கே இல்லை. கடுகு ஹார்லிக்ஸ் பாட்டிலில், சீரகம் கடுகு டப்பாவில், ஹார்லிக்ஸ் எங்கேயோ. எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, அகர வரிசைப்படி அடுக்கி, பெயர் எழுதி ஒட்டினேன். நாலரை மணி நேரம். முதுகு விட்டுப்போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, பார்க்கவே அழகாக இருக்கிறது.

ராத்திரிக் குழம்பைத் தாளிக்க உலகுவுக்குக் கடுகு அகப்படவில்லை. எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். 'க'வில் பார்க்கச் சொன்னேன். தன் வீட்டில் கடுகு இருக்குமிடம் தெரியாதவள் எப்படி இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாளோ!

ஜூலை 15, செவ்வாய்

சுடலைமுத்து போன் செய்தார். மாடி வேலை முடிந்துவிட்டது, வெள்ளையும் அடித்தாயிற்று, வரலாம் என்றார். ஈரம் காயட்டும் என்றேன். "காஞ்சிருச்சும்மா" என்றார். நன்றாகக் காயட்டும் என்றேன்.

ஜூலை 19, சனி

பதிப்பாசிரியர் அரங்கநாயகம் மதுரையிலிருந்து பேசினார். பிரதி கிடைத்ததாம்.

"மேடம், எல்லாம் சரியா இருக்கு. ஆனா பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியாது. ஒரு உதாரணம் வேணும்."

"ஆப்பிரிக்காவை ஐரோப்பிய நாடுகள் பங்கு போட்டதைச் சேர்க்கிறேன்."

"அது பாடப் புஸ்தகத்துலயே இருக்கு மேடம். சாதாரணமா, வீட்ல, தெருவுல நடக்கிற மாதிரி ஒண்ணு."

வீட்டில் எங்கே ஏகாதிபத்தியம் நடக்கிறது? இந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்களுக்கு எல்லாவற்றையும் இட்லி சாம்பாரில் தொட்டுக் கொடுத்தாக வேண்டும். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்தும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 23, புதன்

இந்தப் பிள்ளைகள் தட்டச்சு செய்யும் கடிதங்களின் பொருள் அவர்களுக்கே தெரிவதில்லை. 'தங்கள் உண்மையுள்ள' என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் அடிக்கிறார்கள். யாருக்கு உண்மை, எதில் உண்மை என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் முதல் இருபது நிமிஷம் உலக வரலாறு நடத்துகிறேன். சம்பளம் ஒன்றும் கேட்கவில்லை.

உலகு கதவோரமாக நின்று கேட்டாள். முடிந்ததும் மெதுவாக, "பிள்ளைங்க மணியப் பாக்குது மைனி. ஸ்பீடு வரணும்லா" என்றாள்.

வேகம் மட்டும் வந்தால் போதுமா? அறிவு வர வேண்டாமா? சொன்னேன்.

ஜூலை 28, திங்கள்

மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஆறரை மணிக்கு ஆரம்பித்தால் முடியும்போது பஸ் இல்லையாம். தரம் கூடும்போது எண்ணிக்கை குறையும். எல்லா நல்ல கல்லூரிகளிலும் கண்டதுதான்.

வாசல் பலகை மங்கலாக இருந்ததால் புதிதாக எழுதச் செய்தேன். 'முனைவர் ச. மனோரஞ்சிதம், ஆலோசகர்' என்பது மேலே. 'உலகம்மாள் தட்டச்சுப் பயிலகம்' கீழே. பலகை சின்னது என்பதால் கீழே எழுத்து சற்றுப் பொடியாகிவிட்டது.

உலகு பலகையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். எழுத்து பிடித்திருக்கிறது போல.

ஜூலை 31, வியாழன்

இரண்டாவது பிரதியை உலகுவிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். கை வேகம் அபாரம். இடையில் நிறுத்திக் கேட்டாள்:

"மைனி, இந்த நாடு பிடிக்க வந்தவங்கள மொதல்ல யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. வியாபாரத்துக்கு வந்தாங்க. சரக்கு வைக்க ஒரு இடம் கேட்டாங்க. ராஜாக்கள் கொடுத்தாங்க."

"ஏன் கொடுத்தாவ?"

"மரியாதைக்குத்தான். வந்தவங்கள இல்லைனு சொல்ல முடியுமா?"

"பொறவு?"

"பிறகு சரக்கைப் பாதுகாக்கக் காவல் வேணும்னாங்க. காவலுக்குக் கோட்டை. கோட்டை கட்டினதும் ஊர் நிர்வாகம் சரியில்லைனு திருத்த ஆரம்பிச்சாங்க. நல்லது செய்யறோம்னு அவங்களே மனசார நம்பினாங்க, உலகு. அதுதான் இதுல முக்கியம். கெட்ட எண்ணத்தோட வந்தவனக் கூட விரட்டிரலாம்."

"நல்ல எண்ணத்தோட வந்தவங்கள?"

"அது கஷ்டம்" என்றேன்.

உலகு வரி முடிந்து மணி அடித்ததும் உருளையைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். இவ்வளவு கூர்மையாகக் கேட்கிற மாணவி எனக்குப் பணிக்காலத்தில் நாலைந்து பேர்தான் கிடைத்திருப்பார்கள். பாவம், வீட்டுக்குள்ளேயே கிடந்து வீணாகிவிட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதுரையிலிருந்து என் கட்டுரையின் அச்சுப் பிரதி வந்தது. தலைப்பு 'ஏகாதிபத்தியம்' என்றுதான் இருக்கிறது. உள்ளே இப்படி:

'ஒரே கிரகத்துக்கு இரண்டு ராசிகள் சொந்த வீடாக இருக்கும்போது செய்யவேண்டிய கழிவு. இரண்டு வீட்டிலும் கிரகம் நின்றால் கழிவு இல்லை. ஒரு வீட்டில் கிரகம் நின்று மற்றது காலியாக இருந்தால், காலியாக உள்ள வீட்டின் பரல்களை, அதாவது பலத்தைக் குறிக்கும் புள்ளிகளை, குறைக்க வேண்டும்.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரங்கநாயகத்தைக் கூப்பிட்டேன். ஒரே சொல் சோதிடத்திலும் இருக்கிறதாம். அதை எழுதுகிற சங்கரன்கோவில் சோதிடருக்கு என் பிரதி போய்விட்டதாம். "ரெண்டும் ஒரே தலைப்பு மேடம், பையன் கவர மாத்திப் போட்டுட்டான்." சிரிக்க வேறு செய்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சோதிடர் முத்துவீரப்பன் பேசினார். நான் ரசம் வைத்துக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். உலகு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க எழுதினதப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா கிரகமே வரலியே."

"அது அரசியல் கட்டுரை."

"அப்படியா! நானும் இங்கிலாந்து எத்தனாம் வீட்டுல நிக்குதுன்னு ரெண்டு நாளா தேடுதேன்."

நான் அடுப்பைத் தணித்தேன். உலகுதான் கேட்டாள்: "ஐயா, அந்தக் காலி வீடுன்னு எழுதியிருக்கியளே, அது யாரு வீடு?"

"ரெண்டும் ஒரே அதிபதி வீடுதான் தாயி. ஒரு வீட்டுல ஆள் இருக்கு, இன்னொண்ணு சும்மா கெடக்கு. சும்மா கெடக்க வீட்டுக்குப் பலம் கெடையாது. ஆள் இருக்க வீட்டுல கை வைக்கப்படாது. அவ்வளவுதான் சூத்திரம்."

"ரெண்டு வீட்டுலயும் ஆள் இருந்தா?"

"பிரச்சினையே இல்ல. விட்டுரலாம்."

உலகு நன்றி சொன்னாள். தேங்காயைச் சிரட்டையோடு சேர்த்துத் துருவிவிட்டாள். ரசத்துக்குத் தேங்காய் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தம்பி தோஹாவிலிருந்து பேசினான். "வீடு ரெடின்னு சுடலைமுத்து சொன்னாரேக்கா" என்றான். தென்காசியில் இப்போது சாரல் நேரம், உடம்புக்கு நல்லது என்றேன். "சாரல் முடியப் போகுதுக்கா" என்றான். தோஹாவில் இருப்பவனுக்குத் தென்காசி வானிலை எப்படித் தெரிகிறது? உலகு சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 13, புதன்

பெருமாள்புரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடி நன்றாக இருக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை. குழாயில் தண்ணீர் வருகிறது. குறை ஒன்றும் இல்லை.

ஒரு நாள் தங்குவதற்கு மாற்றுப்புடவை எடுத்துப் போயிருந்தேன். அரை மணி நேரத்தில் பஸ் ஏறிவிட்டேன். வேலை இருந்தது.

என் வீட்டுக்காரர் காலமாகி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அவர் இருந்தபோதும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. செய்தித்தாளைப் புரட்டுவார், தொண்டையைக் கனைப்பார், மின்விசிறியைக் கூட்டுவார், நான் குறைப்பேன். இப்போது நான் வைத்த வேகத்திலேயே ஓடுகிறது. அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேலே உள்ளது களஞ்சியத்தோடு தொடர்பில்லாதது.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் உலகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கை துடைக்கிற துண்டை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மைனி, பரீட்சை முப்பது, முப்பத்தொண்ணு. சென்டர் பாளையங்கோட்டையில. மெஷின நாமதான் கொண்டு போகணும். அந்த மூணுக்குப் பொறவும் அஞ்சு பேரு நின்னுட்டாவ, இப்ப பதினோரு பிள்ளைங்கதான் இருக்கு. ரெண்டு மெஷின் அடுப்படிக்குப் பக்கத்துல கெடக்கு, அதுல அடிச்சா மாவு பறக்கு. பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாச்சும் கை ஓடணும். இங்கன ஓடல."

"வரலாற்று வகுப்பைப் பத்து நிமிஷமாகக் குறைக்கட்டுமா?"

"இந்தத் தடவ பாதிக்குப் பாதி பெயிலாச்சுன்னா அடுத்து ஒருத்தரும் சேர மாட்டாவ மைனி. இன்ஸ்டிடியூட்ட மூட வேண்டியதுதான்." துண்டை என் மேசைமேல் வைத்தாள். "பதினாலு வருசம். உங்க தம்பி சம்பளம் வேற, இது வேற. இது என்னோடது."

பிறகு கேட்டாள்: "உங்க பெருமாள்புரம் வீடு சும்மாதான கெடக்கு? பரீட்சை முடியுற வரைக்கும் பிள்ளைங்களக் கூட்டிட்டு அங்கன தங்கிக்கிடுதோம். சாவி தாங்க."

மறுக்கக் காரணம் தேடினேன். ஈரம் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். போன வாரம்தான் காய்ந்துவிட்டது என்று நானே சொல்லியிருந்தேன். சாவியைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டெம்போவில் எட்டு மெஷினும் போயின. பின்னாலேயே வேனில் உலகும் பிள்ளைகளும். ஒரே சிரிப்பும் கூச்சலும். பலகையையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறாள், ஏற்றும்போது கவனிக்கவில்லை.

இப்போது முன் அறை முழுக்க எனக்கு. மேசையை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நல்ல வெளிச்சம். நல்ல அமைதி.

ஆகஸ்ட் 23, சனி

நல்ல அமைதி. ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடையத்திலிருந்து ஒரு அம்மாள் மகளைச் சேர்க்க வந்தார்.

"டீச்சர் இருக்காவளா?"

"நான் பேராசிரியர். சொல்லுங்க."

"அது சரிங்கம்மா. டீச்சர் எப்ப வருவாவ?"

உட்காரச் சொன்னேன், காபி போடுகிறேன் என்றேன், தட்டச்சின் வரலாறு சொல்கிறேன் என்றுகூடச் சொன்னேன். டீச்சர் வந்ததும் வருகிறோம் என்று போய்விட்டார்கள். பத்து நிமிஷம் இருந்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பால்காரர், காய்கறி விற்கிறவர், எரிவாயு கொண்டுவந்தவர் என மூன்று பேரும் உலகுவைக் கேட்டார்கள். நாலாவதாக ஒருவர் வந்தார். அவர் வீடு மாறி வந்தவர். அவரிடம் வழி சொல்லிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், அவசரத்தில் இருந்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முப்பத்துநான்கு வருஷம் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிரித்துப் பார்த்ததில்லை. ஏகம், ஆதிபத்தியம். ஒருவரே எல்லாவற்றுக்கும் அதிபதி. ஆதிபத்தியத்துக்கு ஆளப்பட ஆள் வேண்டும். இங்கே இப்போது ஆள் இல்லை. ஆதிபத்தியம் போய்விட்டது, ஏகம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

மத்தியானம் உட்கார்ந்து உதாரணத்தை எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது:

'ஒரு வீட்டுக்கு விருந்தினர் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். தமக்கு ஒரு மேசை போட இடம் எடுத்துக்கொள்கிறார். மேசைக்கு அமைதி வேண்டும் என்பதால் வீட்டார் வேலை செய்யும் நேரத்தை மாற்றுகிறார். வீட்டாரின் பொருள்களை ஒழுங்குபடுத்துகிறார். அதன்பின் வீட்டார் தம் பொருளை அவரிடம் கேட்டுத்தான் எடுக்க முடிகிறது. அவர்களுக்கு அறிவு புகட்டுகிறார். வாசலில் தம் பெயரை எழுதுகிறார். ஒவ்வொன்றையும் நன்மை என்றே நம்பிச் செய்கிறார். வீட்டார் மரியாதை கருதிச் சொன்ன "இருக்கட்டும்" என்ற சொல்லைச் சம்மதம் என்று குறித்துக்கொள்கிறார். இதை நாடுகளுக்கிடையே செய்தால் அதன் பெயர் ஏகாதிபத்தியம்.'

எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. தபாலில் சேர்த்துவிட்டேன். பெயர்கள் எதுவும் குறிப்பிடவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

உலகு பேசினாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"பிள்ளைங்க பதினோரு பேரும் நல்லா எழுதிருக்கு மைனி! ஒருத்தி மட்டும் பயத்துல மார்ஜின் வைக்க மறந்துட்டா. பரவால்ல, தேறிருவா."

மனதார மகிழ்ந்தேன். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள்.

"இங்கனயே மூணு பேரு சேரணும்னு கேட்டுருக்காவ. தெரு நல்ல தெரு. பலகையவும் மாட்டிட்டேன், மேல இருந்த வரிய மட்டும் பெயிண்ட் வச்சு அழிச்சுட்டேன். இன்ஸ்டிடியூட்ட இங்கனயே வச்சுக்கிடுதேன் மைனி. நீங்க அங்கன நிம்மதியா எழுதுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உலகு, அது என் வீடு!" என்று கத்தினேன்.

"ஆமா மைனி. இது உங்க வீடு" என்றாள். கோபமே இல்லை. "அப்ப அது யாரு வீடு?"

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. ரொம்ப நேரம் அவள் பக்கத்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

அரங்கநாயகம் பேசினார். உதாரணம் பிரமாதமாம். அப்படியே அச்சுக்குப் போகிறதாம்.

"மேடம், கேக்கறேனேன்னு நினைக்காதீங்க. இது யார் வீட்ல நடந்தது?"

பொதுவாக நடப்பதுதான் என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய். பெருமாள்புரம்

காலை ரயிலில் வந்தேன். என் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தினேன். மணிச்சத்தத்தை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. சற்று அபசுரம்.

கதவைத் திறந்த உலகு, "வாங்க மைனி" என்றாள். உள்ளே போனேன். எட்டு மெஷினும் கூடத்தில் வரிசையாக, பரீட்சை முடிந்தும் ஊர் திரும்பாத பிள்ளைகளோடு புதிதாகச் சேர்ந்தவர்களும். அவர் நாற்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்து 'தங்கள் உண்மையுள்ள' அடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்தார்கள். உட்காருங்கள், அடியுங்கள் என்றேன். அடித்தார்கள். வீடு முழுக்கச் சத்தம். வெள்ளைச் சுவரில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் கூடத்தில் நின்றே அழுதேன்.

உலகு என்னை அடுக்களைக்குக் கூட்டிப் போனாள்.

"இந்த வீட்டுல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு உலகு" என்றேன். "மேஸ்திரி ஜூலையிலேயே முடிச்சுட்டார். நான்தான் வரல."

"தெரியும் மைனி. அவரு எனக்கும் போன் பண்ணாரு." தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "அத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்லா? அதுக்குப் போயி என் கடுகு டப்பாவ எதுக்கு மாத்துனிய?"

அகர வரிசை என்று சொல்ல வந்தேன், விழுங்கிவிட்டேன்.

"திரும்பி வந்துருவியா?" என்று கேட்டேன். "நீ வராட்டி அந்த வீட்டுலயும் எனக்குப் பயம்தான்."

உலகு கூடத்துக்குப் போய் ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு, அந்த மெஷினில் தாள் செருகி, ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொண்டுவந்தாள். தலைப்பு, மார்ஜின், வரி இடைவெளி எல்லாம் அரசு ஆணை மாதிரி.

1. மைனி தென்காசியில் எங்களோடு இருக்கலாம். எத்தனை நாள் என்று யாரும் கேட்கக் கூடாது.

2. டப்பாக்கள் பழைய இடத்துக்கு வர வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகுதான்.

3. வரலாற்று வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். விருப்பம் உள்ளவர்களுக்கு.

4. முன் அறையில் மைனி அனுமதியின்றி மேசை போடக் கூடாது.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க மைனி. போட்டியன்னா நாளைக்கே டெம்போவக் கூப்பிடுதேன்."

படித்தேன். நான்காவது விதியில் கண் நின்றது. இன்னொரு தரம் படித்தேன்.

உலகு சொல்ல வந்தது தெளிவு: மைனியாகிய நான் கேட்காமல் மேசை போடக் கூடாது. ஆனால் தாளில் இருப்பதை வேறு மாதிரியும் படிக்கலாம். 'மைனி அனுமதியின்றி' என்றால் மைனியின் அனுமதி இல்லாமல். அதாவது உலகு முன் அறையில் ஒரு மேசை போடுவதென்றால் என்னைக் கேட்க வேண்டும். அவள் அறைக்கு நான் அதிபதி. அவளே அடித்து, அவள் கையாலேயே கொடுத்திருக்கிறாள். உலகத்தில் பாதி ஒப்பந்தங்கள் இப்படித்தான். ஒரு தரப்பு ஒன்று நினைத்துக் கையெழுத்திடும். மறு தரப்பு தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். இதை நான் எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன்! பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி.

பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டால் போதும். யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ தேவைப்பட்டால் எடுத்துக் காட்டலாம். அப்படி நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

கூடத்தில் யாரோ வரி முடித்து மணி அடித்தது.

"உலகு, நாலாவதுல ஒரு காற்புள்ளி போடட்டுமா? 'மைனி'க்குப் பக்கத்துல?"

"எதுக்கு மைனி?"

படித்துக் காட்டினேன். முதலில் ஒரு மாதிரி, பிறகு இன்னொரு மாதிரி. உலகு தாளை வாங்கி உதட்டசைய இரண்டு மாதிரியும் படித்துப் பார்த்தாள். கண் விரிந்தது.

"அடப் பாவி! இத நீங்க சொல்லாமக் கையெழுத்துப் போட்டுருந்தா?"

"ரெண்டு வருஷத்துல மேசை நடுவுல வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"போடட்டுமா?" என்று மறுபடி கேட்டேன்.

"போடுங்க மைனி."

போட்டேன்.